சாமி கட்டடத்தில் கடை: வாடகைச் சட்டம் ஏன் துணைக்கு வராது?

நம்மிடம் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகளில் சிலர் கோயில் கட்டடத்திலும், சிலர் பள்ளிவாசல், தேவாலயக் கட்டடத்திலும் கடை வைத்திருக்கிறார்கள். வாடகை உயர்வு நோட்டீஸ் வந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன், வாடகைச் சட்டம் என்னைக் காப்பாற்றாதா?"

காப்பாற்றாது. காரணத்தை அறிந்துகொள்வது நல்லது.

1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைக்காரருக்குப் பெரிய அரணாக இருந்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்கள் இருந்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். ஆனால் 1976-இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய பொது சமய அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கும், பொது தரும அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்றது அந்த ஆணை.

வாடகைதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த வீட்டுக் கடைக்காரருக்கு உள்ள பாதுகாப்பு எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை, இது சமத்துவமா என்பது அவர்கள் வாதம். கந்தசாமி செட்டியார் வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் அந்த வழக்கில், 1980-களில் உச்ச நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அறநிலையங்களின் வருமானம் பொதுக் காரியத்துக்குச் செலவாகிறது. கட்டுப்பாட்டால் அவற்றுக்குக் கிடைத்த வாடகையோ சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைவு. ஆகவே அவற்றைத் தனி வகையாக நடத்தலாம் என்பதே அதன் சாரம்.

2019 பிப்ரவரி 22 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் சமய, தரும நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்க இடம் உண்டு.

"அரசு வேறு, மதம் வேறு என்கிறார்களே, மதத்துக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1791-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்றார்கள். நம் நாட்டு வழி வேறு. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: பூசையும் சடங்கும் மதத்தின் பொறுப்பு, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். அதனால்தான் தமிழ்நாட்டில் அறநிலையத் துறை இருக்கிறது. விலக்குக் கொடுத்ததும் அரசு; கோயில் கடைக்கு வாடகை நிர்ணயிக்கும் குழுவில் இருப்பவர்களும் அரசு அதிகாரிகள்! கடைக்காரருக்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

விலக்கு என்றால் கேள்விமுறையே இல்லை என்று பொருளல்ல. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி, இணை ஆணையர், கோயில் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் கொண்ட குழு சந்தை மதிப்பைப் பார்த்து வாடகையை நிர்ணயிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றும். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸை மேசையில் போட்டு வைத்தால் அந்த வழியும் அடைபடும். குத்தகைக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் இருப்பவரை ஆக்கிரமிப்பாளராகக் கருதவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு விலக்கு உண்டு. வருமான வரிச் சட்டப்படி பதிவான அறக்கட்டளைக்குச் சொந்தமான வழிபாட்டுத் தல வளாகத்தில், கடை வாடகை மாதம் 10,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் வரி இல்லை. 10,000 ரூபாயை எட்டினால் வரி உண்டு. வாடகை உயரும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை: ரசீது இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள். உள்வாடகைக்கு விடாதீர்கள். உயர்வை எதிர்த்து மனுப் போட்டிருந்தாலும், பழைய வாடகையையாவது மாதம் தவறாமல் கட்டி ரசீது வாங்குங்கள். பக்கத்துக் கடைகளின் வாடகை விவரத்தைத் திரட்டி வையுங்கள். மேல்முறையீட்டில் அதுவே நம் சாட்சி.

சாமியிடம் வரம் கேட்கலாம். சாமியின் கட்டடத்தில் கடை வைத்தால் காகிதம்தான் கேட்பார்கள்.

— மொத்த வியாபாரி ஒருவர், பாடாலூர்