உஷ்ணம் அறியும் சளிப்பூஞ்சை

கார்த்திகை மழை ஓய்ந்து, அருணாசல மலைச்சரிவில் குளிர் ஏறத் தொடங்கும் நாட்களில், ஈரம் ஊறிய மரப்பட்டைகளின் அடியிலும் மக்கிய சருகுகளிடையேயும் தேடிப் பார்க்கத்தக்க ஜீவராசிகளுள் மிக விசித்திரமானது சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சையாயினும் இனத்தில் பூஞ்சையன்று. பைசாரம் என்னும் வகையில், வலைப்பின்னலாய்ப் படரும் மஞ்சள் உடல் முழுவதும் எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒரே உயிரணுவாகும். மூளையோ நரம்போ காலோ இன்றி, உள்ளிருக்கும் திரவம் ஓரிரு நிமிஷங்களுக்கொருமுறை திசைமாறிப் பாய்வதன் விசையாலேயே அது மெல்ல ஊர்ந்து செல்கிறது.

இந்த நடமாட்டத்தின்மீது உஷ்ணத்துக்குள்ள ஆதிக்கம் பெரிது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காய் அமைந்த மெல்லிய படலம்; மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்க, அருகிலேயே நல்லெண்ணெய் இளகி நிற்பதற்கு எந்த இரசாயன பேதம் காரணமோ, அதே பேதமே இப்படலத்தின் இளக்கத்தையும் நிர்ணயிக்கிறது. நிறைவுறாத கொழுப்பமிலங்களின் வளைந்த சங்கிலிகள் நெருங்கி அமைய இயலாமையால், அவை மிகுந்த சவ்வு எளிதில் இறுகாது. குளிர் நேரும்போது அவ்வமிலங்களின் விகிதத்தை உயர்த்திக்கொள்ளும் சாமர்த்தியம் பாக்டீரியா முதல் மீன் வரை பல உயிர்களுக்கு உண்டு. சவ்வு இறுகினால் அதில் பதிந்த புரதங்களின் இயக்கம் தளரும். உள்ளே நார்ப்புரதங்கள் சுருங்கி விரியும் வேகமும் குளிரால் குறைய, நடையும் தளர்கிறது.

ஆனால் குளிர் சளிப்பூஞ்சைக்குத் தடை மட்டுமன்று, செய்தியும் ஆகும். 2008-இல் ஜப்பானிய விஞ்ஞானி நாககாகியும் சகாக்களும் பைசாரத்தின்மீது குளிர்ந்த உலர்காற்றைச் சம இடைவெளிகளில் மும்முறை செலுத்த, ஒவ்வொரு முறையும் வேகம் குறைந்த அது, நான்காம் வேளையில் குளிர் வராதபோதும் பல சமயங்களில் தானாகவே தயங்கிற்று! இதன் உறவினமான டிக்டியோஸ்டீலியத்தில், உணவு தீர்ந்தபின் ஆயிரக்கணக்கான அமீபாக்கள் கூடி நத்தைபோல் ஊரும் ஓருருவாகின்றன. தன் உடலின் இரு பக்கங்களுக்கிடையே டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த வித்தியாசத்தையும் அவ்வுருவம் உணர்ந்து திசை திரும்புவதை, அமெரிக்காவின் ஜான் போனர் குழுவினர் 1950-இலேயே கண்டறிந்தனர்.

இத்தகைய ஆராய்ச்சிகள் அந்நிய தேசத்துக்கே உரியனவல்ல. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையாவும் அவர் குழுவினரும் முதுமலைக் காட்டின் மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் டிக்டியோஸ்டீலிய இனங்களைக் கண்டெடுத்து, வெவ்வேறு வம்சத்து அமீபாக்கள் ஒரே உருவமாய்க் கூடுவதை 2010-இல் நிரூபித்தனர். பகலில் கொதித்து இரவில் குளிரும் பாறைகள் நிறைந்த அருணாசலமும் அத்தகைய கவனத்துக்கு உரியதே. திருவண்ணாமலைக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள், வரும் மழைக்காலத்திலேனும் ஓர் உஷ்ணமானியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குச் செல்வார்களாக.