கரண்ட் திரும்பிப் போகும் வழி

மழை விட்ட ஓர் இரவு, தூத்துக்குடியில் ஒரு சிக்னல். பின்னால் பைக்கில் வந்தவர் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணாச்சி, நீங்க பிரேக் புடிச்சா இண்டிகேட்டர் லேசா எரியுது. இண்டிகேட்டர் போட்டா பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்குது. என்னன்னு பாத்துக்கோங்க."

என்னுடையது 1997-ல் பதிவான சின்னக் கார். கார்புரேட்டர் வண்டி, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. மறுநாள் வலதுபக்கப் பின்விளக்கில் இரண்டு பல்பை மாற்றினேன். சரியாகவில்லை. ஃபிளாஷரை மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. பிறகுதான் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் எந்த பார்ட்டையும் கையில் எடுக்கவில்லை. இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழ வயரை எடுத்தார். ஒரு கிளிப்பைப் பின்விளக்கின் கறுப்பு வயரில் மாட்டி, இன்னொன்றை டிக்கிப் பூட்டின் வெறும் இரும்பில் கடிக்க வைத்தார். பிரேக், இண்டிகேட்டர், பார்க் லைட் எல்லாம் அததன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தன. "பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ள வந்த கரண்டு வீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாம அலையுது" என்றார்.

பழைய காரின் எலக்ட்ரிக்கல் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் என்பது என் அனுபவம். பல்பு, மோட்டார், பேட்டரி என்று சாமான்கள் கெட்டுப்போவதைவிட, அவற்றுக்குப் போய்வரும் வழி கெட்டுப்போவதுதான் அதிகம். நாமோ வழியைப் பார்க்காமல் சாமானை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

வீட்டு ஒயரிங்கில் ஒரு பல்புக்கு இரண்டு வயர் போகும். காரில் பெரும்பாலும் ஒன்றுதான். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், சுவிட்ச், பல்பு என்று போய், பல்புக்கு அப்புறம் காரின் தகர உடம்பிலேயே இறங்கிவிடும். பேட்டரியின் மைனஸ் அந்த உடம்போடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால், உடம்பு முழுக்கவே திரும்பும் வயர். இதைத்தான் எர்த் என்கிறோம், பாடி எர்த் என்கிறோம். வயர் மிச்சம், எடை மிச்சம். ஆனால் சர்க்யூட்டின் பாதி வழி துருவையும் பெயிண்டையும் தளர்ந்த திருகாணியையும் நம்பியிருக்கிறது. உப்பளக் காற்று அடிக்கும் ஊரில் அந்த நம்பிக்கை சீக்கிரம் கரைந்துவிடும்.

என் பின்விளக்கில் நடந்தது இதுதான். அந்த டப்பாவுக்குள் இருக்கும் எல்லாப் பல்புக்கும் பொதுவாக ஒரே எர்த். அது துருவால் அறுந்துவிட்டது. இண்டிகேட்டரின் 21 வாட் பல்புக்கு வந்த கரண்ட் வெளியேற வழி தேடுகிறது. பக்கத்திலேயே பார்க் லைட்டின் 5 வாட் இழை இருக்கிறது. அதன் வழியாகப் பின்பக்கமாக ஏறி, பார்க் லைட் வயரில் நுழைந்து, இடதுபக்க விளக்குக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் ஓடி, அங்கிருக்கும் எர்த்தில் இறங்குகிறது. வழி நெடுகப் பல்புகள் அரைகுறையாக மினுங்குகின்றன. ஒரு சுவிட்சைத் தொட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று வேலை செய்கிறது என்றால், பேயோட்ட வேண்டாம். அந்த இடத்தின் எர்த்தைப் பாருங்கள்.

இப்போது மல்டிமீட்டருக்கு வருவோம். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஹெட்லைட் மங்கல். கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட் காட்டுகிறது. "கரண்ட் சரியா வருது, லைட்தான் போச்சு" என்று புது ஹெட்லைட் வாங்கி மாட்டினால் அதுவும் மங்கல். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாதிக்கு மேல் பாசி அடைத்திருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. இருபது இழை வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12.5-ஐக் காட்டிவிடும். சோதனை செய்யும்போது பல்பு மாட்டியிருக்க வேண்டும், எரிந்துகொண்டிருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

செய்முறை இப்படி. ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முள்ளை எரியும் பல்பின் கரண்ட் பின்னிலும் வையுங்கள். வழி சுத்தமாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வண்டிக்குப் பரவாயில்லை. 2 வோல்ட் காட்டினால், பல்புக்குப் போக வேண்டிய 2 வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள். இனி கறுப்பு முள்ளை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். ரிலே, சுவிட்ச், ஃபியூஸ் பாக்ஸ். எந்த இணைப்பைத் தாண்டியதும் 2 சட்டென்று 0.2 ஆகிறதோ, திருடன் அந்த இணைப்பில் இருக்கிறான். எர்த் பக்கத்துக்கும் இதே வேலைதான்: ஒரு முள் பல்பின் எர்த் பின்னில், மற்றது பேட்டரியின் மைனஸில். அங்கே 0.2-ஐத் தாண்டினாலே சந்தேகப்படலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். களிம்பேறிய ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் போதும், ஏறக்குறைய 2 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழைப் பல்பின் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும். அதனால்தான் பழைய வண்டிகளில் ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரிகிறது. ஹெட்லைட் கரண்ட் மொத்தமும் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே போகும் வண்டி என்றால், ஒரு ரிலே போட்டுப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுப்பது நல்லது. அந்த வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 30-ல் பேட்டரி கரண்ட் வரும், 87-ல் விளக்குக்குப் போகும், 85-ம் 86-ம் உள்ளிருக்கும் காயிலுக்கு. கம்பெனி மாறினாலும் இந்த எண்கள் பெரும்பாலும் மாறாது.

இதே சங்கதி செல்ஃப் மோட்டாரில் இன்னும் மோசமாக வரும். சின்னக் காரின் செல்ஃப்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அங்கே 0.02 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நண்பர் ஒருவர் இதற்காகப் பேட்டரி மாற்றினார், செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார். கடைசியில் துப்புக் கொடுத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். நாலைந்து முறை செல்ஃப் அடித்த பிறகு அதைத் தொட்டால் கை சுட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் பட்டையாக ஓர் எர்த் வயர் இருக்கும். அது அறுந்துபோனதால், நூறு ஆம்பியரும் இந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. இதை மீட்டரில் பிடிப்பது ஒரு நிமிட வேலை. வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, ஒரு முள்ளை எஞ்சினின் வெறும் இரும்பிலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் முதல் சந்தேகம் அந்தப் பட்டை மேல்தான். முள்ளைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலில் வைக்க வேண்டாம். குமிழுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியே குற்றவாளியாக இருக்கலாம், டெர்மினலில் வைத்தால் அது மீட்டருக்குத் தெரியாமல் போய்விடும்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் பட்டினி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு டைனமோ. (ஆல்டர்னேட்டர் வந்து பல காலமாகியும் பட்டறையில் அதன் பெயர் டைனமோதான்.) 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்புகள் அடிக்கடி போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். சாவி போட்டதும் டாஷ்போர்டில் எரிய வேண்டிய சிவப்புப் பேட்டரி விளக்கு எரியவே இல்லையா? பல பழைய வண்டிகளில் அந்தக் குட்டிப் பல்பு வழியாகத்தான் டைனமோவைத் தூண்டும் முதல் கரண்ட் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போகும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நின்றுபோகிறதா பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்ய யாரையும் விடாதீர்கள். திடீரென்று எகிறும் வோல்ட்டில் டைனமோவின் டயோடுகள் கருகிவிடும்.

ராத்திரி நன்றாக இருந்த பேட்டரி இரண்டு மூன்று நாள் நின்றால் இறங்கிவிடுகிறதா? எங்கோ ஒழுகுகிறது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஒரு 5 வாட் டிக்கி விளக்கு அணையாமல் எரிந்தாலே இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, குமிழுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். கடிகாரமும் பாட்டுப்பெட்டியின் நினைவும் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ அந்த சர்க்யூட். எல்லாவற்றையும் உருவியும் விழவில்லையென்றால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். அது பேட்டரியோடு நேரடியாக இணைந்தது. உள்ளே ஒரு டயோடு ஒழுகினால் எந்த ஃபியூஸும் காட்டிக்கொடுக்காது.

ஃபியூஸ் போட்டால் போய்க்கொண்டே இருக்கிறது என்பது இன்னொரு ரகம். என் பின்விளக்கைப் பார்த்த அந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் நான் கற்ற வித்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கானதுதான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு வயர் பற்றவைத்த ஒரு 21 வாட் பிரேக் பல்பை மாட்டிவிடுவார். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். இழை தானே தடையாக நிற்பதால் வயர் கருகாது. பிறகு அவர் பாட்டுக்கு உட்கார்ந்து வயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைப்பார்: டிக்கிக் கீல், கதவுக் கீல், எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் தகரத்தைத் துளைத்துப் போகும் இடம், சீட்டுக்கு அடி, யாரோ எப்போதோ கூடுதல் ஹாரனுக்காகக் கிள்ளி டேப் சுற்றிய இடம். எங்கே அசைத்ததும் பல்பு அணைகிறதோ அல்லது மங்குகிறதோ, அங்கே வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருக்கும். எலி கடித்த இடமும் இப்படித்தான் பிடிபடும். போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பவர்கள் இந்தச் சந்தர்ப்பத்தைத் தீக்குக் கொடுக்கிறார்கள்.

எஞ்சினைக் கம்ப்யூட்டர் ஆளும் இஞ்செக்ஷன் வண்டிகளில் மட்டும் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைக் கண்ட வயரில் குத்தக் கூடாது. அது இழுக்கும் கரண்டே உள்ளிருக்கும் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம். அங்கே மீட்டர்தான். எந்த வண்டியானாலும் பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் தீப்பொறி தெறிக்கும்.

என் பின்விளக்குக்கு அண்ணாச்சி செய்த வைத்தியம் பத்து நிமிடம். எர்த் வயர் முனையில் கருத்திருந்த லக்கை வெட்டி எறிந்து புதிது நசுக்கினார். பாடியில் அது உட்காரும் இடத்தை ஒரு ரூபாய் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து வெள்ளித் தகரம் தெரிய வைத்தார். பல் வாஷர் ஒன்று போட்டுத் திருகாணியை இறுக்கி, மேலே விரலால் வாஸ்லின் தடவினார். நான் புதிதாக வாங்கி மாட்டிய பல்புகளும் ஃபிளாஷரும் அப்படியே இருக்கின்றன. கழற்றிய பழையவை, ஒரு குறையும் இல்லாதவை, டாஷ்போர்டு டப்பாவில் கிடந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் கலகலக்கின்றன.