இன்று முளைத்த காளான்

நேற்றுவரை பெயர் அறியப்படாதிருந்த ஒருவன் இன்று திடீரெனப் பேசப்படுவானாயின், 'இன்று முளைத்த காளான்' என்று அவனை ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். நானும் இத்தொடரைத் தாராளமாக வழங்கியவனே. பல ஆண்டுகளுக்கு முன்னர், தான் எழுதிய கவிதையைக் காட்ட வந்த மாணவன் ஒருவனை, அதனை முழுதும் வாசியாமலே இச்சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பின் அவன் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. சென்ற மாரியில் வீட்டுப் பின்தாழ்வாரத்திலே சிப்பிக் காளான் வளர்க்கப் புகுந்தபோது அந்நினைவு மீண்டும் எழுந்தது.

காளான் வித்து என விற்கப்படுவது உண்மையில் வித்தன்று. அவித்துக் கிருமி நீக்கிய தானியத்தின்மேல் காளானின் நுண்ணிழைகளைப் படரவிட்டிருப்பார்கள். மணிகளைப் பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும். விதை விதைப்பதைக் காட்டிலும் வாழைக்குட்டியைப் பெயர்த்து நடுவதையே இது பெரிதும் ஒத்தது.

முதல் முயற்சி பாழாயிற்று. நறுக்கிய வைக்கோலை இரவு முழுதும் ஊறவைத்து, வெந்நீரைப் பெயருக்குத் தெளித்துப் பையில் அடைத்தேன். ஏழாம் நாள் பைக்குள்ளே பச்சைப் பூஞ்சணம் குடியேறியிருந்தது. குடியேறியது என்பதும் தவறு. வைக்கோலில் அது முன்னரே இருந்தது, நான்தான் அதனை அகற்றவில்லை. மறுமுறை ஏறக்குறைய 70 பாகை சதம அளவைச் சூடுள்ள நீரில் வைக்கோலை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தேன். கையிற் பிழிந்தால் ஓரிரு துளி மாத்திரம் சொட்டும்வரை நீரை வடித்து, வைக்கோலும் வித்துமாக மாறிமாறிப் பரப்பிப் பையைக் கட்டி இருளான மூலையில் வைத்தேன்.

பின்னர் மூன்று வாரம் காத்திருப்பே வேலை. அக்காலத்தில் இழைகள் நொதியங்களைச் சுரந்து, வைக்கோலுக்கு உறுதி தரும் இலிக்னினையும் கரைத்து உண்கின்றன. எளிதில் எவ்வுயிராலும் செரிக்கவியலாத பொருள் அது. நைதரசன் போதாதவிடத்து இக்காளான் நுண்ணிய வட்டப்புழுக்களை நஞ்சால் மயக்கி உண்ணும் என்பதை 1984 இல் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். சைவ உணவென்று இதனைக் கொண்டாடும் என் போன்றோர் அதனைக் கேளாதிருப்பதே நன்று! இக்காளானை மனிதர் வளர்க்கத் தொடங்கியதும் பசியினாலேதான். முதலாம் உலகப்போரால் உணவு அருகியிருந்த ஜேர்மனியில், 1917 இல் ரிச்சட் ஃபால்க் என்னும் அறிஞர் மரக்கட்டைகளில் இதனை வளர்த்துக் காட்டினார்.

பை முற்றாக வெளுத்தபின் பக்கங்களைக் கீறி, சிறிது வெளிச்சமும் நல்ல காற்றும் படவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்தேன். காற்றோட்டம் குன்றினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும். சில நாளில் குண்டூசித் தலைகள்போல் மொட்டுகள் அரும்பின. அதன்பின் வளர்ந்த விரைவைக் கண்ணால் நம்ப முடியவில்லை. அவ்வழியாக வந்த அயல்வீட்டு நண்பர், "நேற்றுப் பார்க்கேக்க ஒண்டும் இல்லையே மாஸ்டர், ஒரே இரவிலையோ?" என்று வியந்தார். மூன்று வாரக் கணக்கை அவருக்கு விளக்க முற்பட்டேன். அவர் குடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரங்கள் மேல்நோக்கி மடியுமுன் பறித்துவிட வேண்டும். பிந்தினால் வித்திகள் வெண்தூளாக உதிர்ந்து இருமலை வருவிக்கும். பறித்ததிற் பாதியை நண்பருக்குக் கொடுத்தேன். மீதி தேங்காய்ப்பாற் கறியாயிற்று.

அம்மாணவன் இப்போது எங்கேயிருக்கிறான் என்று பழைய மாணவர் சிலரிடம் விசாரித்து வருகிறேன். அக்கவிதையில் நான் வாசித்த முதல் இரண்டு அடிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.