வெறுமையாகாத குகை

போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டி மேற்கே சென்றால் மலையின் மடியில் குரங்கணி இருக்கிறது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இம்மலைச்சரிவில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. இன்று அவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சில் எழுவது தேயிலையன்று, தீ. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. மலையிலேயே ஒன்பது பேரும், தேனி, மதுரை முதலிய ஊர்களின் மருத்துவமனைகளில் பின்னர் மற்றவர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த அவர்களிற் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள்; பெண்களே மிகுதி. படிக்க வைத்து, உத்தியோகத்தில் அமர்ந்ததைக் கண்டு, இனிக் கவலையில்லை என்று பெற்றோர் மூச்சு விட்ட பருவத்துப் பிள்ளைகள்.

அத்தகைய பெற்றோரை நள்ளிரவில் எழுப்பும் வினா ஒன்று இருக்கத்தான் செய்யும்: ஓடித் தப்பியிருக்கலாகாதா? தீயின் இயல்பை அறிந்தவர்கள் இதற்குத் தெளிவாகவே விடை சொல்லுவார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடுவதால், கிழக்கு நோக்கிய இச்சரிவின் புல் மார்ச்சு மாதத்தில் சருகாகிக் கிடக்கும். சமதரையில் நிமிர்ந்து எரியும் சுவாலை சரிவில் மேற்புறத்துப் புல்லை நெருங்கிச் சாய்ந்து, அதனை முன்னதாகவே காய்ச்சி வைக்கிறது. சரிவு பத்துப் பாகை ஏறுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. பகல் வெப்பத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்று அதற்குத் துணை. ஓடைப் பள்ளங்களோ புகைபோக்கிகளாகவே மாறிவிடும். அந்த வேகத்தை மனிதக் கால் வெல்லாது. இறந்த பிள்ளையின் மீது அசட்டை என்னும் பழியைச் சுமத்துவதற்கு இதில் அணுவளவும் இடமில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளையை இழந்த துயருக்குப் புத்திர சோகம் என்று நம் முன்னோர் தனிப் பெயரே வைத்தார்கள். தசரதன் அச்சோகத்தால் உயிர் நீத்தான் என்பதைக் கவிகளின் மிகை என்று கருதியவர்கள் இன்றைய வைத்திய சாஸ்திரத்தைக் கேட்டால் வாய் மூடுவார்கள். கடுந்துக்கத்தில் பெருகும் அட்ரினலின் முதலிய சுரப்புகளால் இதயத்தின் இடக்கீழறை திடீரென்று உப்பிச் செயல் குன்றுவதை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவை அது ஒத்திருந்தமையால் ‘தகோட்சுபோ’ என்று பெயரிட்டனர். பலர் இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள், சிலர் மீள்வதில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த 21,062 பெற்றோரை டென்மார்க்கில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அத்தாய்மாரிடையே மரண விகிதம் பிறரைவிட ஏறத்தாழ நாற்பது சதவீதம் மிகுந்திருந்ததையும், தந்தையரிடத்து முதற்சில ஆண்டுகளில் விபத்து, தற்கொலை போன்ற மரணங்கள் கூடியிருந்ததையும் கண்டது.

ஆயினும் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது வேறொரு கண்டுபிடிப்பு. மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, புலி தங்கிப் போன கற்குகையாகத் தன் வயிற்றைக் காட்டிய தாயைப் புறநானூற்றில் காவற்பெண்டு பாடியிருக்கிறாள். அக்குகையிலிருந்து புலி முற்றிலும் நீங்கிவிடுவதில்லை என்று இன்றைய உயிரியல் கூறுகிறது. கர்ப்ப காலத்தில் சிசுவின் உயிரணுக்கள் சில நஞ்சுக்கொடியின் தடுப்பைக் கடந்து தாயின் குருதியிற் கலந்து, அங்கேயே தங்கிவிடுகின்றன. டயானா பியாங்கி என்னும் அமெரிக்க மருத்துவ விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும், ஆண் மகவைப் பெற்று இருபத்தேழு ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் குருதியில் ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் தாங்கிய அணுக்களைக் கண்டு 1996-இல் அறிவித்தார்கள். 2012-இல் சியாட்டில் நகர ஆய்வாளர்கள், இறந்த பெண்கள் 59 பேரின் மூளைகளைப் பரிசோதித்தபோது 37 பேரிடத்து ஆணின் மரபுப் பொருள் இருந்தது. அப்படி இருந்தவர்களுள் முதியவள் 94 வயது வரை வாழ்ந்தவள். மகளின் அணுக்களும் இவ்வாறே கடக்கின்றன. தாய்க்கும் மகளுக்கும் எக்ஸ் இணையே பொது ஆதலால் பிரித்தறிவதுதான் கடினம்.

ஓருடலில் ஈருயிரின் அணுக்கள் கலந்திருக்கும் இந்நிலைக்கு, சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கிரேக்க விலங்கின் பெயரை விஞ்ஞானிகள் இட்டார்கள். நம் கோயில் தூண்களில் யாளியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவ்வணுக்கள் தாய்க்குப் புரிவது நன்மையா தீமையா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. காயமுற்ற திசுவைச் செப்பனிடுவதில் பங்கு கொள்வதாக எலிகளில் அடையாளம் கிடைத்திருக்கிறது. ஆனால் அவை பிள்ளையின் நினைவைச் சுமப்பதில்லை. தந்தையின் உடலில் அவை இல்லை. தத்தெடுத்து வளர்த்தவளிடமும் இல்லை. அவர்களுடைய சோகம் ஒரு குன்றிமணி எடையும் குறைந்ததன்று. ஆகவே பாசத்தின் காரணத்தை அணுவில் தேடுவது பிழை. அணு நடந்ததற்கு ஒரு சாட்சி, அவ்வளவே.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள், நல்லெண்ணத்தோடுதான், “நடந்ததை மறந்துடுங்க, அதையே நினைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை அவ்வீட்டில் உச்சரிக்கவே அஞ்சுகிறார்கள். இப்போதனைக்கு ஒரு காலத்தில் சாஸ்திர பலமும் இருந்தது. இறந்தவரிடமிருந்து மனத்தின் பிணைப்பைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதியவர் சிக்மண்ட் பிராய்டு. மூன்றாண்டுகளில், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோபி இன்புளூயன்சாக் காய்ச்சலில் இருபத்தாறு வயதில் இறந்தாள். 1929-இல், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அதே பிராய்டு எழுதிய கடிதத்தில், மகள் இருந்திருந்தால் அவளுக்கு முப்பத்தாறு வயது என்று கணக்கிட்டு, அந்த வெற்றிடத்தை எதுவும் நிரப்புவதில்லை, அன்பை விடாதிருக்க அதுவே வழி என்னும் கருத்தைக் கூறினார். சித்தாந்தத்தைத் தந்தை திருத்தினார். 1996-இல் டென்னிஸ் கிளாஸ் முதலிய ஆய்வாளர்கள், பெற்றோர் இறந்த பிள்ளையோடு உறவைத் தொடர்ந்து வைத்திருப்பது நோயன்று, இயல்பு என்று நூலாகவே நிறுவினார்கள். நினைவு பெட்டியில் பூட்டிய பொருளன்று. எடுக்கும்போதெல்லாம் இளகி மீண்டும் இறுகுவது என்பதைக் கரீம் நாடர் என்னும் ஆய்வாளர் 2000-இல் எலிகளில் காட்டியிருக்கிறார். அதனால் ஒரு தாய் பிள்ளையின் பேச்சை நூறாவது முறை சொல்லும்போதும் அவளுடைய மூளை சும்மா இருப்பதில்லை. அவள் மெய்யாகவே அதனை மறுபடி ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

பிராய்டு வயதைக் கணக்கிட்டார் என்றேன். தீ எரிந்த அதே 2018-இல், மழைக்காலத்தில், குரங்கணிக்கு மேலே மூணாற்று மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூத்து, விதை சொரிந்து மடிவது அச்செடி. அடுத்த தலைமுறை அதன் பின்னரே எழும்பும். பெற்றோர் முன்னே, பிள்ளை பின்னே என்னும் முறை அங்கே பிசகுவதில்லை. மீண்டும் அது பூக்க வேண்டிய ஆண்டு 2030. அன்றைய தீயில் இருபத்தாறு வயதிற் போனவளுக்கு அப்போது முப்பத்தெட்டு ஆகியிருக்கும். அதைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவ்வீட்டில் யாருக்கும் இராது.