மாசியிலேயே அரும்பும் இளவேனில்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் அருள்மிகு சங்கரநாராயண சுவாமி திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள், வழியில் பனவடலிசத்திரத்தைக் கடந்து வருவர். வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிநடையினர் தங்கிச் செல்லும் இடம். இவ்வட்டாரத்தில் பனையேறிகள் பாளை சீவிப் பதநீர் இறக்கத் தொடங்குவதே வேனிலின் முதல் அறிகுறியாகும். பனையோலையின் அடிப்புறத்தில் இறகுகளையும் பஞ்சையும் தன் உமிழ்நீரால் ஒட்டிக் கூடு அமைக்கும் பனை உழவாரன் என்னும் சிறு பறவையையும் இங்குக் காணலாம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்பது நூன்மரபு. ஆயினும் மரங்கள் பஞ்சாங்கத்திற்காகக் காத்திருப்பதில்லை. வடக்கே, இராஜபாளையத்தை அடுத்துள்ள திருவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் மாசியிலேயே இளவேனில் வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நிலம் வறளவே, மரங்கள் நீரைக் காக்க இலைகளை உதிர்க்கின்றன. இலையற்ற கிளைகளில் இலவமும் முருக்கும் செந்நிறமாகப் பூத்து நிற்பதால், பறவைகளுக்கு அவை தொலைவிலிருந்தே புலப்படுகின்றன. அரசமரத்தின் தளிர் செம்பு நிறத்தில் தோன்றும். அந்நிறமே இளந்தளிரைக் கடும் வெயிலிலிருந்து காக்கின்றது. சிவபெருமானுக்கு உகந்த கொன்றை சித்திரையில் பொன்னாய்ச் சொரியும்.

இக்காட்டிற்குரிய சிறப்பு நரை அணில் ஆகும். இதற்கெனவே 1988ஆம் ஆண்டு இங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. இந்தியாவில் இவ்வணில் மிகுதியாக வாழும் இடம் இதுவே. கிளைகள் ஒன்றோடொன்று பின்னியுள்ள மரங்களிலேயே இது கூடு கட்டும். ஆபத்து நேரின் தரையிறங்காமல் மரத்திற்கு மரம் தாவித் தப்பும். நடுவே ஒரு மரம் வெட்டப்படினும் அதன் வழி அறுந்துவிடுகிறது.

இலுப்பை பூப்பதும் இவ்வேனிலிலேதான். அதன் பூக்களை இரவில் நாடி வந்து மகரந்தம் பரப்புபவை பழந்தின்னி வௌவால்கள். திருக்கோயில்களில் விளக்கெரிக்க நம் முன்னோர் போற்றிய இலுப்பை எண்ணெய், அவ்வௌவால்களின் இரவுப்பணியால் விளைந்ததே ஆகும். இதனை அறியாமல் வௌவாலை அமங்கலம் என்று விரட்டுவோர் இன்றும் உளர்.

இப்பருவத்திற்குப் பெரும் பகை தீ. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் நாள் மூண்ட காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்தனர். சருகின் வழியே பரவும் தீ பெருமரங்களை விட்டுவைத்தாலும், கன்றுகளைக் கருக்கிவிடும். காட்டுக்கோழி தரையில் சருகுகளிடையே முட்டையிட்டு அடைகாப்பதும் இதே மாதங்களில்தான். ஆதலால் சதுரகிரி சுந்தரமகாலிங்க சுவாமியைத் தரிசிக்க மலையேறும் அன்பர்கள், வழியில் கற்பூரம் ஏற்றுவதையும் அடுப்பு மூட்டுவதையும் தவிர்த்தல் வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள்களையும் நெகிழிப் பைகளையும் மலைக்குக் கொண்டு செல்ல அனுமதியில்லை.