கடலோடும் டீசல் எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்

கோவிந்தாபுரத்தில் நின்று நோக்கினால் கடல் தெரிவதில்லை. தெற்கே மலைத்தொடரும், முதலமடை மாந்தோப்புகளும், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டை நோக்கி ஓயாது செல்லும் லாரிகளுமே கண்ணிற் படுவன. ஆயினும் இப்பகுதியின் நீரைக் கொண்டு செல்லும் காயத்திரிப்புழை பாரதப்புழையோடு கலந்து, பொன்னானியில் கடலைச் சேர்கின்றது. அந்த நீரைப் போலவே தமிழ் இளைஞர் பலரும் பிழைப்பை நாடிக் கடற்கரைக்குச் செல்கின்றனர். முனம்பம், கொச்சி, நீண்டகரை ஆகிய துறைமுகங்களின் விசைப்படகுகளில் தமிழ்க் குரல் கேட்பது புதிதன்று. ஆதலின் படகின் உயிர்நாடியாகிய டீசல் எஞ்சினையும், அதற்கு உயிரூட்டும் எண்ணெயையும் பற்றிச் சிறிது ஆராய்வது நம் இல்லங்களுக்குப் பயன்தரும் என்று கருதுகிறோம். கிணற்றடியில் பம்பு எஞ்சின் வைத்திருப்போருக்கும், லாரியோ டிராக்டரோ ஓட்டுவோருக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

நம் கடற்கரைகளில் எஞ்சின் படகுகள் பெருகிய வரலாறு நெடியதன்று. 1952ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பினரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வீஜியத் திட்டம் பணியைத் தொடங்கிற்று. துடுப்பும் பாயும் கொண்டு கடலோடிய மீனவர் கையில் டீசல் எஞ்சின் வந்தது. 1960களில் அத்திட்டம் கொச்சிக்கும், நம் தமிழகத்து மண்டபத்துக்கும் விரிந்தது. அன்று தொடங்கிய மாற்றத்தின் பயனாக இன்று எஞ்சின் இல்லாத மீன்பிடித் துறைமுகமே இல்லை எனலாம்.

எண்ணெய் செய்யும் வேலைகள்

எண்ணெய் வழவழப்புக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது அதன் பணிகளுள் ஒன்றேயாம். பிஸ்டன், பேரிங் முதலிய உறுப்புகள் ஒன்றோடொன்று உரசாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்பது முதற் பணி. பிஸ்டனின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வருவது இரண்டாவது. எரிந்த டீசலின் கரியைத் திரளவிடாமல் தன்னுள் தாங்கி நிற்பது மூன்றாவது. ரிங்குகளின் இடைவெளியை அடைத்துப் புகை கீழிறங்காமல் காப்பது நான்காவது. எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறித்து உலோகத்தைத் துருவினின்று காப்பது ஐந்தாவது. இவ்வைந்தில் ஒன்று குறைந்தாலும் எஞ்சினின் ஆயுள் குறையும்.

டீசல் எஞ்சினின் எண்ணெய் விரைவிற் கறுத்துவிடுவது கண்டு, "எண்ணெய் கெட்டுவிட்டது" என அஞ்சுவோர் உளர். கறுப்பு நிறம் ஒன்றே கேட்டின் அடையாளமன்று. கரியை எண்ணெய் தாங்கி நிற்கிறது என்பதற்கு அதுவே சான்று. பல நாள் ஓடியும் கறுக்காத எண்ணெய், தன் வேலையைச் செய்யாமல் கரியை எஞ்சினுக்குள்ளேயே படியவிட்டிருக்கவும் கூடும்.

லாரியும் படகும்

லாரிக்காகச் செய்த எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றிப் படகில் பொருத்துவது நம் நாட்டில் வழக்கம். எஞ்சின் ஒன்றேயாயினும் உழைப்பு ஒன்றன்று. லாரி இறக்கத்தில் இளைப்பாறும். ஊர் வந்தால் நிற்கும். படகின் சுழல்விசிறியோ எப்போதும் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இழுவலை விரித்துவிட்டால் மணிக்கணக்காக ஒரே கனத்தைச் சுமந்து எஞ்சின் ஓடும். அலையில் படகு சாயும்போது சம்ப்பில் உள்ள எண்ணெயும் ஒருபுறம் சாய்கிறது. அளவு குறைந்திருந்தால் ஆயில் பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் பேரிங் தேயத் தொடங்கும். உப்புக் காற்றும் கடல்நீரும் எந்நேரமும் சூழ்ந்திருக்கும். நடுக்கடலில் மெக்கானிக் கிடையாது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

டப்பாவின் மேல் எழுதியிருப்பது

எண்ணெய் டப்பாவில் இரண்டு குறிப்புகளைத் தேடிப் படித்தல் வேண்டும். முதலாவது எஸ்.ஏ.இ. எண். இது எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும், தரத்தைக் குறிப்பதன்று. எஸ்.ஏ.இ. 40 என்பது 30ஐவிடத் தடித்தது. 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதை முன் எண்ணும், எஞ்சின் சூடான பின் அதன் தடிப்பைப் பின் எண்ணும் காட்டுகின்றன. ஆகவே சூடான நிலையில் 40உம் 15டபிள்யூ-40உம் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையே. உறைபனி அறியாத நம் கடற்கரையில், எஞ்சின் செய்தவர் கேட்டிருந்தாலன்றி, கடுங்குளிருக்கான எண்ணெய்க்கு மிகுந்த விலை கொடுப்பது வீண்.

இரண்டாவது ஏ.பி.ஐ. குறி. எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கும், சி என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும் உரியன. சி.எஃப்-4, சி.எச்-4, சி.ஐ-4 என வளர்ந்து, 2016இல் சி.கே-4 என்னும் தரம் வந்தது. பின்வந்த தரம் பெரும்பாலும் முன்னதற்கு ஈடாகும். எனினும் எல்லா எஞ்சினுக்கும் அவ்வாறு ஆகும் என்று கொள்ளலாகாது. இரண்டடி டீசல் எஞ்சின்களின் தேவை வேறு. எஞ்சினோடு வந்த கைப்புத்தகமே இறுதித் தீர்ப்பு. புத்தகம் தொலைந்திருந்தால், எஞ்சின் தகட்டிலுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அக்கம்பெனியின் முகவரிடம் கேட்டறிதல் நன்று.

வள்ளங்களின் பின்னே தொங்கவிடும் இரண்டடி எஞ்சினுக்கு எண்ணெயை எரிபொருளோடு கலந்து ஊற்றுவர். அதற்கெனச் சாம்பலற்ற டி.சி-டபிள்யூ3 என்னும் தரம் உண்டு. டீசல் எஞ்சின் எண்ணெயையோ மோட்டார் சைக்கிளுக்குரிய எண்ணெயையோ அதற்கு மாற்றாகக் கொள்ளுதல் பிழை.

கார எண்

டீசலில் உள்ள கந்தகம் எரியும்போது, எரிதலில் உண்டாகும் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறும். அதனை முறிக்கும் ஆற்றலைக் கார எண் என்றும், சுருக்கமாக டி.பி.என். என்றும் கூறுவர். எண் கூடினால் எண்ணெய் மேலானது என்று எண்ணற்க. எரிபொருளின் கந்தகத்துக்கு ஏற்பவே அது அமைதல் வேண்டும். காரம் வேண்டியதினும் மிகுந்தால் அது சாம்பலாகிப் பிஸ்டன் மேல் படியும்; குறைந்தால் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மிகாது. ஆகவே கரையில் டீசல் நிரப்பும் விசைப்படகுக்கு, பெருங்கப்பலின் கனத்த எண்ணெய் தேவையில்லை. கப்பலோ வேறுலகம். அங்கே சிலிண்டருக்கு ஓர் எண்ணெயும், கிராங்க் பகுதிக்கு மற்றோர் எண்ணெயும் ஊற்றும் பெரிய எஞ்சின்கள் உண்டு. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிலிண்டர் எண்ணெயின் கார எண்ணையும் அதற்கேற்ப மாற்ற நேர்ந்தது. கப்பல் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதனை அறிந்து வைத்தல் நலம்.

அன்றாடப் பரிசோதனை

கடலுக்குப் புறப்படுமுன், எஞ்சின் நின்றிருக்கும் நிலையில் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்புக. மேற்கோட்டைத் தாண்டி ஊற்றினால் நுரைக்கும், அதுவும் கேடே. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் அபாய அறிவிப்பு என்று கொள்க. எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது; கடல்நீர் குளிர்விக்கும் கூலரில் ஓட்டை இருக்கலாம். எண்ணெய் நீர்த்து டீசல் வாடை வீசினால் இன்ஜெக்டரோ எரிபொருள் பம்போ கசிகிறது. விரலிடையே உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது. இவற்றுள் எது கண்டாலும் படகைக் கிளப்பாமல் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

எண்ணெய் மாற்றும் தவணையை நாளால் அன்றி, எஞ்சின் ஓடிய மணியால் கணக்கிடுதல் வேண்டும். மாற்றும்போது ஃபில்டரையும் உடன் மாற்றுக. கேரளக் கரையில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை முடிய 52 நாள் இழுவலைத் தடை நிலவுகிறது. பலர் படகைக் கட்டிவிட்டு ஊர் திரும்புவர். பழைய எண்ணெய் எஞ்சினிலேயே கிடக்கும். அதிலுள்ள அமிலமும் ஈரமும் அத்தனை நாளும் பேரிங்கை அரித்துக்கொண்டிருக்கும். தடை முடிந்தபின் மாற்றுவதினும், கட்டுமுன் புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துவதே முறை.

யார் செலவு?

விசைப்படகுகளில் டீசல், பனிக்கட்டி, எண்ணெய் ஆகியவற்றின் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பது வழக்கம். எனவே மலிந்த எண்ணெய் வாங்கினால் இன்றைய பங்கு சிறிது கூடும் என்னும் ஆசை முதலாளிக்கு மட்டுமன்று, தொழிலாளிக்கும் எழும். ஆனால் எஞ்சின் பிடித்துக்கொண்டால், பழுது தீரும்வரை படகு கரையில் கிடக்கும். அந்நாட்களில் பங்கு என்பதே இல்லை. ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்கு மணியார்டரோ வங்கிப் பணமோ வாராது. கடல் கொந்தளிக்கும் வேளையில் எஞ்சின் நின்றுவிட்டால் இழப்பு பணத்தோடு போகாது. இக்கணக்கை முதலாளியிடம் பணிவோடும் தெளிவோடும் எடுத்துரைப்பது படகில் வேலை செய்வோரின் உரிமை; கடமையுமாகும்.

போலி எண்ணெயும் சந்தையில் உலவுகிறது. முத்திரை உடையாத டப்பாவையே, ரசீதோடு வாங்குக. காலி டப்பாவை ஓட்டையிட்டு எறிந்தால், அது போலி விற்போர் கைக்குப் பயன்படாது. கழித்த எண்ணெயைக் கடலிலோ ஆற்றிலோ கிணற்றடியிலோ கொட்டுதல் பெருந்தவறு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதனைப் பதிவு பெற்ற சுத்திகரிப்பாளரிடமே சேர்ப்பித்தல் வேண்டும். மாட்டின் புண்ணுக்கு அதனைப் பூசும் பழக்கமும் கைவிடத்தக்கது.

இத்தொழிலை முறையாகக் கற்க விழையும் இளைஞருக்கு 1963இல் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனம் உண்டு. சென்னையிலும் அதன் கிளை இயங்குகிறது. கப்பல் எஞ்சின் ஃபிட்டர் பயிற்சி அங்கே அளிக்கப்படுகிறது. கைத்தொழில் கற்ற மகன் எம்மொழி வழங்கும் கரையிலும் மதிப்போடு வாழ்வான். நம் இல்லங்களில் பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளைகள் உள்ள பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.