செங்காந்தள் காய்ந்தால் கலங்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் சுடர் சுடராகப் பூத்த செங்காந்தள் கொடி தை, மாசியில் மஞ்சளித்துச் சாய்கிறதா? செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது.

ஏன் காய்கிறது?
இது அதன் உறக்கக் காலம் (செடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும் மாதங்கள்). மழையில் தழைத்துப் பூக்கும்போதே புதுக் கிழங்கில் உணவைச் சேர்த்துக்கொள்கிறது. பழைய கிழங்கு சுருங்கிவிடும். புதியது கோடையை மண்ணுக்குள் கழிக்கும்.

கோடையில் கொஞ்சமாவது தண்ணீர் விடலாமா?
வேண்டாம். இலை இல்லாதபோது கிழங்குக்கு நீர் தேவையில்லை. ஈரம் தங்கினால் அழுகிவிடும். கோடை மழை படாத நிழலுக்குத் தொட்டியை நகர்த்துங்கள். பக்கத்துச் செடிக்கு ஊற்றும் தண்ணீரும் இதில் வழியக் கூடாது.

தோண்டி எடுக்கலாமா?
மண் காய்ந்திருந்தால் அப்படியே விடலாம். எடுப்பதானால் கை பதமாக இருக்கட்டும். கலப்பை போல வளைந்திருப்பதால் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். இரு நுனியிலும் ஒவ்வொரு முளைக்கண் உண்டு. அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள்.

மறுபடி எப்போது நடுவது?
ஆடி, ஆவணியில். மணல் கலந்த, நீர் தேங்காத மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். முளை தெரிந்தபின் தண்ணீரைக் கூட்டுங்கள். இலை நுனியே பற்றிக்கொண்டு ஏறும். பக்கத்தில் சுள்ளி நட்டால் போதும்.

கிழங்குக்கு எங்கே போவது?
நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். காட்டில் தோண்டாதீர்கள், தோண்டித் தோண்டியே பல இடங்களில் அது அருகிவிட்டது. விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்கலாமா?
மிகுந்த கவனம் வேண்டும். செடி முழுதும் நஞ்சு. கிழங்கும் விதையும் உயிரையே பறிக்கும். அவற்றிலுள்ள கால்ச்சிசின் (கீல்வாத மருந்தாகவும் பயன்படும் வேதிப்பொருள்) அளவு மீறினால் கொல்லும். உறங்கும் கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அறிகுறி தெரியச் சில மணி நேரம் ஆகலாம். தின்றது இன்னதென்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு கவனத்தோடு கோடையைக் கடந்தால், ஐப்பசியில் பச்சை மொட்டு விரியும். மஞ்சளாகி, சில நாளில் முழுச் சிவப்பாகும்.